பொருளுக்கு எத்தனை பொருள்? புதுச்சேரியை முன்வைத்து

2015 செப்டம்பரில் நடுவண் அரசு ஒரு சோதனைக்குப் புதுச்சேரியையும் சண்டிகரையும் தேர்ந்தெடுத்தது. ரேஷன் கடையில் அரிசி போடுவதை நிறுத்திவிட்டு, அதற்கு ஈடான தொகையைக் குடும்பத்தின் வங்கிக் கணக்கில் செலுத்துவது திட்டம். கிடங்குச் செலவு மிச்சம், லாரிக் கூலி மிச்சம், எடைக் குறைவும் கடத்தலும் ஒழியும் என்பது ஆதரித்தவர்களின் கணக்கு. வங்கியில் விழும் பணம் அரிசியாக வீட்டுக்கு வராது, கடன் தவணையாகவும் வேறு செலவாகவும் கரைந்துவிடும் என்பது எதிர்த்தவர்களின் வாதம். அரிசியா பணமா என்ற இந்த வழக்கு சட்டமன்றம், ஆளுநர் மாளிகை, உயர் நீதிமன்றம் என்று ஏறி இறங்கியது. கடைசியில் 2024 அக்டோபரில், தீபாவளியை ஒட்டி, ரேஷன் கடைகள் மறுபடி திறந்தன. மக்கள் பையோடு போய் அரிசியும் சர்க்கரையும் வாங்கிவந்தார்கள்.

ஒன்பது ஆண்டுச் சச்சரவின் அடியில் கிடந்த கேள்வி சின்னது. பொருள் என்பது எது? அரிசியா, அரிசியின் விலையா? தமிழில் இரண்டுக்குமே பொருள் என்றுதான் பெயர். அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று கேட்டால், அந்த அர்த்தத்துக்கும் பொருள் என்றே பெயர்.

இந்தச் சொல்லின் கிளைகளை இலக்கணம், பழைய தத்துவம், இயற்பியல், தொல்லியல், வணிகம், அரசியல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, அவற்றுக்குள் உறவு உண்டா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் வேலை. அதற்குப் புதுச்சேரி வசதியான ஊர். சில கிலோமீட்டர் சுற்றளவுக்குள் இந்த ஆறுக்கும் சான்று கிடைக்கிறது.

சொல்லின் கிளைகள்

தொல்காப்பியம் எழுத்து, சொல், பொருள் என்று மூன்று அதிகாரங்களாக விரிகிறது. மூன்றாவதில் வரும் பொருள் என்பது இலக்கியம் எதைப் பாடுகிறதோ அது. அதையும் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று பகுக்கிறார்கள். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்தின் மரம், விலங்கு, உணவு, தொழில், பறை முதலியவை கருப்பொருள். புணர்தல், பிரிதல் முதலிய ஒழுக்கம் உரிப்பொருள். உரியும் பறையும் ஒரே சொல்லின் கீழ் அடங்குவதைக் கவனிக்க வேண்டும். கையால் தொடக்கூடியதும் மனத்தில் மட்டும் நிகழ்வதும் இங்கே ஒரே வரிசையில் நிற்கின்றன.

இறையனார் களவியல் உரை சொல்லும் கதை இந்தச் சொல்லுக்கு இருந்த மதிப்பைக் காட்டும். பாண்டிய நாட்டில் பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சம். மழை பெய்து நாடு நாடானபின் அரசன் புலவர்களைத் தேடி ஆள் அனுப்பினான். எழுத்து வல்லவர் கிடைத்தார்கள், சொல் வல்லவர் கிடைத்தார்கள், பொருள் வல்லவர் மட்டும் அகப்படவில்லை. பொருளில்லாத எழுத்தும் சொல்லும் எதற்கு என்று அரசன் கலங்கினான் என்கிறது அந்த உரை. பிறகு ஆலவாய் இறைவனே அறுபது சூத்திரம் செய்து கொடுத்தானாம்.

திருக்குறளில் பொருட்பாலுக்கு 70 அதிகாரங்கள். அறத்துக்கு 38, இன்பத்துக்கு 25. இங்கே பொருள் என்பது செல்வமும் அரசும் நாட்டு நிர்வாகமும். ஆனால் அறத்துப்பாலில் மெய்யுணர்தல் பேசும் இடத்தில் மெய்ப்பொருள் என்னும்போது அது உண்மை. 751ஆம் குறள் இரண்டு கிளையையும் ஒரே முடிச்சில் கட்டிவிடுகிறது. ஒரு பொருட்டாக மதிக்கத் தகாதவரையும் மதிக்கச் செய்வது செல்வம் என்று சொல்ல, வள்ளுவர் மதிப்புக்கும் செல்வத்துக்கும் பொருள் என்ற ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப வைக்கிறார். ‘நான் அதைப் பொருட்படுத்தவில்லை’ என்று இன்று நாம் சொல்வதில் ஒலிப்பது அந்த மதிப்புதான். தெருத் தமிழில் ‘பொருள்’ என்றால் கத்தியும் ஆகலாம், கஞ்சாவும் ஆகலாம் என்பதையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஐரோப்பியச் சொற்கள் வேறு வழியாக வந்தவை. கிரேக்கத்தின் ‘ஹூலே’யும் லத்தீனின் ‘மாத்தேரியா’வும் ஆதியில் மரம், கட்டுமான மரம் என்ற சொற்கள். தச்சன் கையில் இருக்கும் மரம்போல, உருவம் பெறக் காத்திருக்கும் கச்சாப் பண்டம் என்று அரிஸ்டாட்டில் அதைத் தத்துவமாக்கினார். அந்த லத்தீனின் பிள்ளைதான் பிரெஞ்சு ‘மத்தியேர்’. புதுச்சேரியின் பிரெஞ்சுப் பள்ளியான லிசேயில் படிக்கும் பிள்ளைக்குக் கணக்கும் வரலாறும் ‘மத்தியேர்’கள்தான், நாமும் பாடப்பொருள் என்கிறோம். வெவ்வேறு வீட்டில் பிறந்த இரண்டு சொற்கள் ஒரே முச்சந்தியில் வந்து சந்திப்பது தற்செயலாக இருக்காது. மனிதர்கள் பண்டத்தையும் அதன் மதிப்பையும் தனித்தனியே நினைக்கப் பழகவில்லை என்பதற்கு அது ஓர் அடையாளம்.

அறிவியல் தமிழில் இந்தச் சொல்லுக்கு இன்னும் ஒரே நடை அமையவில்லை. தமிழ்நாட்டுப் பாடநூலில் பருப்பொருள் என்பது இலங்கையில் சடப்பொருள். தமிழ்நாட்டில் நிறை என்றால் ஒரு பொருளில் அடங்கிய பருப்பொருளின் அளவு, அதைப் பூமி இழுக்கும் விசை எடை. இலங்கையில் முன்னதற்குத் திணிவு என்று பெயர். நிறை என்பது அங்கே எடையைக் குறிக்கும். யாழ்ப்பாணத்துப் பிள்ளையும் புதுச்சேரிப் பிள்ளையும் ‘நிறை’ என்று ஒரே விடையை எழுதினால் ஒருவருக்கு மதிப்பெண் போகும்.

வஞ்சி நகரத்து அணு

பொருள் எதனால் ஆனது என்ற கேள்வியைத் தமிழில் விரிவாக எடுத்துப் பேசிய பழைய நூல் மணிமேகலை. அதன் இருபத்தேழாம் காதையில் மணிமேகலை வஞ்சி நகரில் பல சமயத்தாரிடம் போய் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். ஆசீவகவாதி அவளுக்கு அணுவைப் பற்றிச் சொல்கிறான். நிலம், நீர், தீ, காற்று ஆகிய நான்கு அணுக்களோடு உயிரும் ஓர் அணு. அணு புதிதாகப் பிறப்பதில்லை, பிளவுபடுவதில்லை, ஒன்றுக்குள் ஒன்று புகுவதில்லை. நில அணு கனத்துக் கீழே போகும், தீ மேலே எழும், காற்று குறுக்கே அசையும். தனி அணு கண்ணுக்குத் தெரியாது, திரண்டால் தெரியும். அந்தி மயங்கும் நேரத்தில் ஒற்றை மயிர் தெரியாமல், கற்றையாக இருந்தால் தெரிவதுபோல.

அதே காதையில் பூதவாதி வருகிறான். தாதகிப் பூவும் வெல்லமும் இன்னும் சிலவும் கூடினால் அவற்றில் தனித்தனியே இல்லாத போதை பிறப்பதுபோல், பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது என்கிறான். கண்ணால் காண்பது ஒன்றே அவனுக்குச் சான்று. மணிமேகலை சிரித்துவிட்டு, உன் தாய் தந்தையர் இவர்கள்தான் என்பதை ஊகம் இல்லாமல் எப்படி அறிந்தாய் என்று கேட்கிறாள். பொருள்முதல்வாதத்துக்குத் தமிழில் கிடைத்த மிகப் பழைய வாதமும் எதிர்வாதமும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன.

இதை வைத்துக்கொண்டு ‘அணுவை நாம் அன்றே கண்டுபிடித்துவிட்டோம்’ என்று மேடையில் பேசுகிறவர்கள் உண்டு. அது அந்த நூலுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. ஆசீவகரின் அணு ஆய்வுக்கூடத்தில் சோதித்தது அல்ல, தருக்கத்தில் சென்று சேர்ந்த இடம். அதில் வியக்கத்தக்கது வேறு ஒன்று. உயிரையும் அவர்கள் அணு வரிசையில் உட்கார வைத்தார்கள். சடம் ஒரு பக்கம், உயிர் ஒரு பக்கம் என்று வேலி போடவில்லை.

மண், திரிகை, குயவன்

சைவ சித்தாந்தம் அந்த வேலியைப் போட்டது. ஆனால் சடத்தைப் பொய் என்று தள்ளவில்லை. வேதாந்தத்தின் ஒரு பிரிவு உலகைத் தோற்றமாக மட்டும் கொள்ள, சித்தாந்திகளுக்கு மாயை என்பது உலகுக்கு முதற்காரணமான உண்மைப் பண்டம். அவர்கள் தரும் உவமை எல்லாருக்கும் தெரிந்தது. குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டும் திரிகையும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். மாயை மண், இறைவனின் சக்தி திரிகை, இறைவன் குயவன். மாயையிலிருந்து விரிவன முப்பத்தாறு தத்துவங்கள்.

இந்த மரபின் மூலநூல்களான சைவ ஆகமங்களின் பெரும் தொகுப்பு இருப்பது புதுச்சேரியில். 1955இல் ழான் ஃபிலியோசா தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும், தூரகிழக்கு நாடுகளுக்கான பிரெஞ்சுப் பள்ளியின் புதுச்சேரி மையமும் ஊர் ஊராகச் சேர்த்த ஓலைச்சுவடிகளை யுனெஸ்கோ 2005இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. பொருளைப் பற்றிய அந்த நூல்களும் ஒரு பொருளின் மேல்தான் நிற்கின்றன. ஓலை பூச்சியரித்தால் தத்துவமும் போகும். ஆகவே எண்ணெய் தடவுதல், துடைத்தல், படமெடுத்தல் என்று சுவடிக் காப்பாளர்கள் நாள்தோறும் செய்வதும் தத்துவப் பணிதான்.

குயவன் உவமையை நேரில் பார்க்க நகரிலிருந்து பத்துக் கிலோமீட்டர் போனால் போதும். வில்லியனூர்ச் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு உண்டு. ஆற்று மண் பிசைந்து, சுழன்று, உலர்ந்து, சூளையில் வேகிறது. சுமார் 600 டிகிரிக்கு மேல் களிமண்ணின் படிகங்களுக்குள் பிணைந்திருந்த நீரும் வெளியேறிவிடும். அதன்பிறகு எவ்வளவு நீர் ஊற்றினாலும் அது மறுபடி களிமண் ஆகாது. வடிவம் மட்டும் மாறவில்லை, பொருளே மாறிவிட்டது என்பதை வேதியியல் சொல்வதற்கு வெகுமுன்பே சூளை சொல்லிவிட்டது.

கடற்கரைச் சாலையில் ஒரு கோலிக்குண்டு

இனி இயற்பியல். இருபதாம் நூற்றாண்டு பொருளைப் பற்றிச் சொன்ன முதல் அதிர்ச்சி, அதில் பெரும்பகுதி வெற்றிடம் என்பது. 1911இல் ரூதர்ஃபோர்டு அணுவுக்கு நடுவே மிகச் சிறிய கருவொன்று இருப்பதை அறிவித்தார். அணுவின் அகலத்தில் அது ஏறக்குறைய லட்சத்தில் ஒரு பங்கு. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையின் முழு நீளத்துக்கு, ஒன்றரைக் கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டு, ஓர் அணுவை விரித்தால் காந்தி சிலை அருகே கிடக்கும் ஒரு கோலிக்குண்டுதான் அதன் கரு. அணுவின் நிறை அனைத்தும் ஏறத்தாழ அந்தக் குண்டுக்குள்.

அப்படியானால் மேசையில் ஊன்றிய கை ஏன் உள்ளே போகவில்லை? எலக்ட்ரான்களுக்கு இடையிலான விலக்கம் ஒரு காரணம். அதைவிட ஆழமான காரணம் 1925இல் பௌலி கண்ட விலக்கு விதி: ஒரே நிலையில் இரண்டு எலக்ட்ரான்கள் இருக்க முடியாது. பருப்பொருள் தனக்குள் நொறுங்கி விழாமல் நிற்பதற்கு இந்த விதியே அடிப்படை என்பதை 1967இல் டைசனும் லெனார்டும் கணித முறையில் நிறுவினார்கள். திண்மை என்று நாம் உணர்வது ஒரு விதி. பண்டம் இறுக்கமாக நிரம்பியிருப்பதால் வருவதல்ல.

அந்த விதிக்கும் ஓர் எல்லை உண்டு என்று கண்டவர் ஒரு தமிழர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்த சுப்பிரமணியன் சந்திரசேகர் 1930இல், பத்தொன்பது வயதில், கப்பலில் இங்கிலாந்து போகும்போது கணக்குப் போட்டார். இறந்துபோன விண்மீனின் எடையை எலக்ட்ரான்களின் விலக்கு விதி தாங்கி நிற்கும்; ஆனால் சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு நிறை வரைதான். அதற்கு மேல் போனால் அது மேலும் சரிந்தே ஆக வேண்டும். அந்தக் கணக்குக்கு உரிய மதிப்பு கிடைக்கப் பல ஆண்டுகள் பிடித்தன. நோபல் பரிசு வந்தது 1983இல்.

இரண்டாவது அதிர்ச்சி நிறையைப் பற்றியது. புரோட்டானுக்குள் மூன்று குவார்க்குகள் இருக்கின்றன. அவற்றின் சொந்த நிறையைக் கூட்டினால் புரோட்டான் நிறையில் நூற்றில் ஒரு பங்கைத் தொடுவதே அரிது. மிச்சம் எல்லாம் குவார்க்குகளின் ஓட்டமும் அவற்றைக் கட்டியிருக்கும் விசையின் ஆற்றலும். ஐன்ஸ்டைனின் 1905ஆம் ஆண்டுச் சமன்பாடு அந்த ஆற்றலை நிறை என்று காட்டுகிறது. தராசில் ஏறி நிற்கும்போது நாம் பார்ப்பது பெரும்பாலும் உறவின் எடை.

மூன்றாவது அதிர்ச்சி இன்னும் தீரவில்லை. அண்டத்தின் மொத்தக் கணக்கில் நாம் அறிந்த அணுப்பொருள் ஏறக்குறைய 5 விழுக்காடுதான். சுமார் 27 விழுக்காடு ஒளி தராத கரும்பொருள், மீதி கருமை ஆற்றல். தொல்காப்பியரின் கருப்பொருளுக்கும் இந்தக் கரும்பொருளுக்கும் ஒரு மெய்யெழுத்து வித்தியாசம். முன்னதை எண்ணிப் பட்டியல் போட்டுவிட்டார்கள். பின்னது என்ன என்று இன்னும் எவருக்கும் தெரியாது. அது இருப்பது ஈர்ப்பினால் மட்டுமே தெரிகிறது. கண்ணால் காண்பதே சான்று என்ற பூதவாதியிடம் மணிமேகலை கேட்ட கேள்வியை இங்கேயும் கேட்கலாம்.

இதிலிருந்து ‘ஆகவே உலகம் மாயை’ என்று தாவுவது தவறு. மேசை மேசைதான். அதன் திண்மை எங்கிருந்து வருகிறது என்பதில்தான் நம் நினைப்பு மாற வேண்டியிருந்தது. தனித்துக் கிடக்கும் துண்டு எதிலும் பொருளின் குணம் முழுதாக இல்லை, துண்டுகளுக்கு இடையிலான ஏற்பாட்டில் இருக்கிறது. இயற்பியலின் இந்தப் பாடம் மற்றத் துறைகளிலும் பலிக்கிறதா என்பதை இனிப் பார்க்கலாம்.

அலமாரியில் கிடந்த ஓடு

நகருக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு. கிரேக்க நூல்கள் பொதுகே என்று குறிக்கும் துறைமுகம் இதுவாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. கண்ணாடியை இழுத்துக் குழாயாக்கி, நறுக்கி, மிகச் சிறிய ஒற்றை நிற மணிகள் செய்தவர்கள் இங்கே வாழ்ந்தார்கள். அத்தகைய மணிகள் தென்கிழக்கு ஆசியா வரை பரவிக் கிடப்பதால் பீட்டர் ஃபிரான்சிஸ் அவற்றுக்கு இந்தோ-பசிபிக் மணிகள் என்று பெயரிட்டார். மணலும் காரமும் சேர்ந்து உருகினால் கண்ணாடி. அந்தக் கைகளில் அது ஏற்றுமதிச் சரக்கு.

1930களில் பிரெஞ்சு ஆய்வாளர் ழூவோ துப்ராய் அரிக்கமேட்டின் சிறப்பை எடுத்துக்காட்டினார். ஆனால் அதன் காலம் திட்டமாகவில்லை. தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் சென்னை அருங்காட்சியகத்தின் அலமாரி ஒன்றில் அரிக்கமேட்டிலிருந்து வந்த ரோமானிய மதுச்சாடியின் துண்டைக் கண்டார். உடனே புதுச்சேரிக்குப் போனார். அங்கே நூலகக் கண்ணாடிப் பெட்டியில் இத்தாலியின் அரெத்தீன் மண்பாண்டத் துண்டுகள் இருந்தன. பலரும் பார்த்துக் கடந்துபோன ஓடுகள்தான். அவை எந்தக் காலத்தில் இத்தாலியில் செய்யப்பட்டவை என்பது வீலருக்குத் தெரியும். 1945இல் அகழ்ந்தார். அந்த ஓடு கிடைத்த மண்ணடுக்கில் கூடவே கிடைத்த உள்ளூர்ப் பாண்டங்களுக்கும் அதனால் காலம் கிடைத்தது. தென்னிந்தியத் தொல்லியலுக்கு ஒரு நாள்காட்டியே கிடைத்ததுபோல் ஆயிற்று. பின்பு 1947 முதல் 1950 வரை கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் தோண்டி, அந்த முடிவுகளில் சிலவற்றைத் திருத்தினார்கள். ரோமானியர் வருகைக்கு முன்பே அங்கே ஊர் இருந்தது தெளிவாயிற்று.

தொல்லியலாளர் அடுக்கை ஏன் அத்தனை கவனமாக வரைகிறார்கள் என்பது இதில் விளங்கும். மழை பெய்து கழுவிய மேட்டில் பொறுக்கிய மணியும், அடுக்கிலிருந்து எடுத்த மணியும் வேதியியலில் ஒன்றே. முதலாவது அழகான சிறு பண்டம். இரண்டாவது வரலாறு. அருகில் என்ன இருந்தது, மேலே என்ன, கீழே என்ன என்ற உறவு அறுந்தால் பண்டம் மிஞ்சும், பொருள் போய்விடும்.

சோழி, நீலத்துணி, சப்பாத்து

1825இல் வெளியான ‘கால சங்கலித’ என்ற நூலில் ஜான் வாரன் புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர் தரையில் சோழிகளைப் பரப்பி வைத்து, மனப்பாடமாக இருந்த வாக்கியங்களைச் சொல்லிச் சோழிகளை நகர்த்தி, சந்திர கிரகணத்தைக் கணித்துவிட்டார். எழுதுகோல் இல்லை, ஏடும் இல்லை. கணித வரலாற்றாசிரியர் நொய்கெபௌவர் 1952இல் இந்த நிகழ்ச்சியை ஆராய்ந்து, பாபிலோனிய வானியலோடு அந்த முறைக்கு இருக்கும் உறவைச் சுட்டினார். சோழி சுண்ணக ஓடு. தரையில் ஓர் இடத்தில் வைத்தால் எண். மாலத்தீவிலிருந்து வங்கம் வரை நெடுங்காலம் அதுவே நாணயம். குழந்தைகளுக்குப் பல்லாங்குழிக் காய். ஓடு மாறவில்லை, யார், எங்கே, எதற்கு வைக்கிறார் என்பது மாறியது.

துணியின் கதை இதைவிடப் பெரியது. பிரெஞ்சுக்காரர் ‘கினே’ என்று அழைத்த அவுரி நீலத்துணி புதுச்சேரியிலிருந்து கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்காவின் செனெகல் ஆற்றங்கரைக்குப் போயிற்று. அங்கே கருவேலம் பிசின் வணிகத்தில் ஒரு துண்டு நீலத்துணி ஒரு நாணயம்போலவே புழங்கியது. பிசின் மூட்டைக்கு விலை இத்தனை துண்டு என்று பேசினார்கள். நம் ஊர்ச் சாயக்காரர் கையில் அது உடுக்கும் பொருள், அந்த ஆற்றங்கரையில் அது கொடுக்கும் பொருள். 1736இல் புதுச்சேரி நாணயசாலை ஆர்க்காட்டு ரூபாய் அடிக்க உரிமை பெற்றது. அதே ஆண்டு செப்டம்பரில் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பைத் தொடங்கினார். வெள்ளி, துணி, மரியாதை, வதந்தி என எல்லாவற்றையும் அவர் ஒரே கணக்கேட்டில் எழுதுவதுபோல் எழுதிச் செல்கிறார். வணிகருக்கு அவை ஒன்றுக்கொன்று மாறக்கூடியவை.

ஒரு பண்டத்தின் பொருளுக்காக நீதிமன்றம் போன கதையும் உண்டு. 1873இல் வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை ஐரோப்பியச் சப்பாத்து அணிந்து புதுச்சேரி நீதிமன்றத்துக்குள் வந்தது குற்றமாயிற்று. இந்தியர் தம் வழக்கப்படிதான் வர வேண்டும் என்பது அன்றைய நடைமுறை. அவர் பாரீசின் மேல் நீதிமன்றம் வரை போய் வென்றார். தோலும் நூலுமான அந்தப் பண்டத்தை ஒருவர் அணியும்போது காலணி, இன்னொருவர் அணியும்போது சமத்துவக் கோரிக்கை.

ஆசிரமமும் ஆலையும்

பொருளா உணர்வா, எது முதல் என்ற பழைய விவாதம் இருபதாம் நூற்றாண்டுப் புதுச்சேரியில் இரண்டு முகவரிகளில் நடந்தது.

1910 ஏப்ரல் 4 அன்று இங்கே வந்து சேர்ந்த அரவிந்தர், 1914 ஆகஸ்டில் ‘ஆர்யா’ இதழைத் தொடங்கி அதில் ‘லைஃப் டிவைன்’ நூலைத் தொடராக எழுதினார். சடமே எல்லாம் என்று ஆன்மாவை மறுப்பவரும், ஆன்மாவே எல்லாம் என்று உலகை உதறும் துறவியும் ஆளுக்கு ஒரு பாதியை இழக்கிறார்கள் என்பது அவர் வாதம். சடமும் பிரம்மமே, அதைவிட்டு ஓடுவது யோகம் ஆகாது, அதை உருமாற்றுவதே யோகம். இந்தக் கொள்கையில் நின்றதால்தான் அவருடைய ஆசிரமத்தில் கைத்தொழிலுக்கும் பாத்திரம் துலக்குவதற்கும் தியானத்துக்கு இணையான இடம் கிடைத்தது.

இன்னொரு முகவரி மில். 1934இல் ‘சுதந்திரம்’ இதழைத் தொடங்கிய வ. சுப்பையா பொருள்முதல்வாதத்தைக் கையிலெடுத்தவர். மனிதர் பொருளை உண்டாக்கும் முறைதான் மற்றதை எல்லாம் தீர்மானிக்கிறது என்ற மார்க்சின் கோட்பாட்டை, மில் சங்கு ஊதினால் எழுந்து ஓடிய தொழிலாளர்கள் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. 1936 ஜூலை 30 அன்று சவானா மில் தொழிலாளர்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. 12 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. 1898இல் தொடங்கி ரோடியர் மில் என்றும் ஏ.எஃப்.டி. என்றும் அறியப்பட்ட ஆலை 2020இல் மூடப்பட்டது.

இரண்டு தரப்பும் ஒன்றையொன்று மறுத்தன. ஆனாலும் எட்டி நின்று பார்த்தால் இருவருக்கும் ஒரு பொது எதிரி தெரிகிறது. பொருள் வெறும் பண்டம், கையில் இருப்பவன் விற்கலாம் வாங்கலாம் என்ற எண்ணம். துணிக்குள் உழைப்பு இருக்கிறது என்றார் ஒருவர். கல்லுக்குள் உணர்வு உறங்குகிறது என்றார் மற்றவர். ஒரு முழம் துணியை அதன் விலையோடு நிறுத்திவிடக் கூடாது என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

மணல்

புதுச்சேரி பண்டத்தைப் பண்டமாக மட்டும் பார்த்ததற்கு விலை கொடுத்த இடம் கடற்கரை. சோழமண்டலக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றில் அலை அதை வடக்கே தள்ளும், வடகிழக்குப் பருவத்தில் கொஞ்சம் தெற்கே திரும்பும். ஆண்டுக் கணக்கில் வடக்கே போவதே அதிகம். 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காக இரண்டு கல் அணைகள் கடலுக்குள் நீட்டப்பட்டன. வடக்கே போக வேண்டிய மணல் தெற்கே, வீராம்பட்டினம் பக்கம் தேங்கியது. அரிக்கமேட்டின் பக்கத்து ஊர் கரை பெற்றது, நகரம் கரை இழந்தது. வடக்கே வைத்திக்குப்பத்திலும் அதைத் தாண்டிய மீனவர் ஊர்களிலும் கடல் வீட்டு வாசலுக்கு வந்தது. நகரத்தின் முன்பு கருங்கல் கொட்டிச் சுவர் எழுப்பினார்கள். 2018இல் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே நீருக்கடியில் எஃகுத் திட்டு ஒன்றை அமைத்த பிறகு அந்த இடத்தில் கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது.

வேதியியலுக்கு மணல் சிலிக்கன் டை ஆக்சைடு, கட்டடக்காரருக்கு லோடு. மீனவருக்கோ அது கட்டுமரம் ஏற்றும் இடம், வலை உலர்த்தும் இடம், புயலைத் தடுக்கும் மதில், பிள்ளைகள் விளையாடும் முற்றம். துறைமுகத் திட்டத்தில் மணல் ஒரு பொருட்டாக இல்லை என்று சொன்னால் அந்தச் சொல்லின் முழுக் கனமும் அதில் இருக்கும். பொருளை மதிப்பிட்டார்கள், பொருட்படுத்தவில்லை.

முடிவாக

இதுவரை பார்த்தவற்றைத் தொகுத்தால் ஒன்று தெளிவாகிறது. புரோட்டானின் நிறை உள்ளிருக்கும் கட்டில் இருக்கிறது. ஓட்டின் வரலாறு அது கிடந்த அடுக்கில், சோழியின் எண் அது வைக்கப்படும் இடத்தில், மணலின் பயன் அதன் ஓட்டத்தில். பண்டம், மதிப்பு, அர்த்தம் என்ற மூன்றும் வெவ்வேறு என்று பிரித்துப் படிப்பது ஆராய்ச்சிக்கு வேண்டும். இந்தக் கட்டுரையும் அப்படித்தான் பிரித்தது. ஆனால் அவற்றைப் பிரித்தே வைத்துவிட்டு ஒன்றுக்குப் பதிலாக மற்றதை மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்கும் இடத்தில் தவறு நேர்கிறது. தமிழ் இந்த மூன்றுக்கும் ஒரே சொல்லை வைத்திருப்பது சொற்பஞ்சத்தால் அல்ல என்றே தோன்றுகிறது.

அரிசிக்கும் அரிசியின் விலைக்கும் உள்ள வேறுபாடும் இதுவே. விலை எங்கும் ஒன்று. அரிசி ஒரு வீட்டின் உலையில், ஒரு குறிப்பிட்ட வேளைக்கு, குறிப்பிட்ட சில வயிறுகளுக்காக இருப்பது. அடுத்த முறை யாராவது ஒரு திட்டத்தை விளக்கி ‘பொருளாதார ரீதியில் இரண்டும் ஒன்றுதான்’ என்று சொன்னால், எந்தப் பொருளில் சொல்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.